கேட்டைத் தூக்கித் திறக்க வேண்டும்

ஆறு மணிக்குக் கரண்ட் போகும் என்று
போனில் வந்திருந்ததாம். நான் பார்க்கவில்லை.
டென்னிஸ் பிஸ்கட் இரண்டு பாக்கெட்டைப்
பையில் கட்டி, குழவியால் நொறுக்கிக்கொண்டிருந்தேன்.
"மணல் மாதிரி வேணாம்மா, சரளை மாதிரி"
என்று சொல்லிவிட்டு
நகத்துக்குச் சாயம் பூசப் போய்விட்டாள் கெரூஷா.
நாளை அவள் பள்ளியில் தின்பண்ட விற்பனை.
நாற்பத்தெட்டுத் துண்டு, துண்டுக்கு எட்டு ராண்ட்.
எண்ணிக்கை கொடுத்தாகிவிட்டது.

வெண்ணெயில் பிசைந்து தட்டில் பரப்பினேன்.
தம்ளரின் அடியால் அழுத்தி,
தம்ளர் போகாத மூலைகளில்
கட்டைவிரலால் அழுத்தி.
அது அடித்தளம்.

அதன்மேல் டின்பால்.
கண்ணை எடுத்தால் அடிப்பிடிக்கும் சாமான்.
வெள்ளையாயிருந்தது, மஞ்சளானது,
பிறகு சாட்ஸ்வர்த் மேட்டில்
மழை அறுத்த மண்ணின் நிறம்.
ஊற்றி, தட்டை இரண்டு தட்டு தட்டி,
இது இறுகினால்தான் சாக்லேட் ஏறும் என்று
ஃப்ரீசரைத் திறந்தேன்.
உள்ளே விளக்கில்லை.
கூரைமேல் ஹாடீடா ஒன்று
சிரிப்பது போலக் கத்திக்கொண்டு போனது.

எங்கள் தெருவை மின்சாரக்காரர்கள்
நடு வகிடெடுத்துப் பிரித்திருக்கிறார்கள்.
நாங்கள் இருட்டில் உட்காரும்போது
எதிர்வரிசை டிவி பார்க்கும்.
அவர்கள் இருட்டில் உட்காரும்போது
வாசல் விளக்கு இரண்டையும் போட்டுவைப்பேன்,
தேவையில்லாவிட்டாலும்.

நேர் எதிரே அமராவதி.
மூன்று வருஷமாகப் பேச்சில்லை.
அவள் மகன் பிரெஷ்லின் பக்கியைப் பின்னால் எடுத்தபோது
எங்கள் கேட்டில் இடித்தான்.
"உன் கேட்டுதான் ரோட்டுக்கு வந்து நிக்குது" என்றாள்.
கேட் எங்காவது நடக்குமா?
அன்றைக்கு நான் சொன்னதை
இங்கே எழுத முடியாது.
பையன் பெர்த்துக்குப் போய்விட்டான்.
கேட் அதே கோணலில் இருக்கிறது.

டின்பால் குளம்போலத் தளும்பிக்கொண்டிருந்தது.
தட்டு இரண்டு கையிலும்,
சாக்லேட் பை பல்லிடுக்கிலும்,
இடுப்பால் கேட்டை இடித்துத் திறந்து
வெளிச்சத்துக்குள் நடந்தேன்.

கதவைத் திறந்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்லலாமென்றால்
வாயில் பை.
என்னைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள்.
பையை மெல்ல உருவி எடுத்துக்கொண்டு
உள்ளே நடந்தாள்.
நான் பின்னால்.

ஃப்ரீசரில் மீன் பொட்டலங்களை
ஒவ்வொன்றாய் வெளியே வைத்தாள்.
"புரட்டாசி உனக்கு. இரு, துடைச்சிடுறேன்."
ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள்.
துணியை எலுமிச்சம்பழ நீரில் நனைத்து
மூன்று தடவை துடைத்தாள்.

அடுப்படியில் நின்றே காத்திருந்தோம்.
கடிகாரம் இருந்தது, பேச ஒன்றுமில்லை.
"உப்புப் போட்டியா?"
"ஒரு சிட்டிகை."
"பத்தாது."
பத்தாதுதான். அவள் விரல்கள் தூவியதைத்
தடுக்காமல் பார்த்தேன்.
கொதிநீர்மேல் கிண்ணத்தில்
சாக்லேட்டை அவளே உருக்கினாள்.
ஊற்றும்போது தட்டை நான் பிடித்துச் சாய்த்தேன்,
ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு,
குழந்தையைத் தாலாட்டுவதற்கும்
நெல் புடைப்பதற்கும் நடுவில் ஒரு அசைவு.

அவள் ஃப்ரீசர் ஒரு பக்கம் சரிந்தது போல.
எடுத்துப் பார்த்தால்
இடது ஓரம் விரல் தடிப்பு,
வலது ஓரம் அப்பளம்.
"கெட்டியான பக்கத்தை யாருக்கு விப்பே?" என்றாள்.
சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.
இடது ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி
அவள் சாஸரில் வைத்தேன்.
தின்னவில்லை. மூடிவைத்தாள்.

எங்கள் பக்கம் இன்னும் இருட்டு.
டார்ச்சோடு கூடவே வந்தாள்.
கேட்டருகே, "பொறு" என்றாள்.
கீழ்க்கம்பியைக் கால்விரலால் தள்ளி,
தோளால் கொஞ்சம் தூக்கி,
பிறகு தன் பக்கம் இழுத்தாள்.
சத்தமில்லாமல் திறந்தது.
எங்கள் வீட்டு ஆட்களைத் தவிர
யாருக்கும் தெரியாத வித்தை அது.

நன்றி சொன்னேனா? ஞாபகமில்லை.
டார்ச் ஒளி சாலையைக் கடந்து போனது.
நாற்பத்தேழுதான் இருக்கிறது என்று
கெரூஷாவிடம் எப்படிச் சொல்வது என்ற யோசனையோடு
படியேறினேன்.