ஒரு நோட்டில் இரண்டு எடைகள்

காலையில் முதலில் நான் ஏறுகிறேன்.
தொண்ணூற்றிரண்டு கிலோ நானூறு.
நேற்றைவிட அறுநூறு கிராம் கூட.
விர்வே எதுவும் சொல்லாமல் குறித்துக்கொள்கிறாள்.
பிறகு சமையல் தராசில் முட்டைகள்,
பென்சிலால் எண் போட்டவை,
கம்பளிக் காலுறைகளுக்குள் ஒவ்வொன்றாய் உறங்கி
ஹெல்டர்மா துறைவரை
அவள் மடியிலேயே படகில் வந்தவை.

பன்னிரண்டும் சேர்ந்து, வைத்த அன்று, எழுநூற்று இருபது.
ஏழாம் நாள் எழுநூற்று எட்டு.
"போதுமான அளவு இளைக்கவில்லை" என்றாள்.
யாரைச் சொல்கிறாய் என்றேன்.
இருவரையும்தான்.

முட்டை என்றால் மூடிய பெட்டி,
போட்டது உள்ளேயே இருக்கும் என்று நினைத்திருந்தேன்.
இல்லையாம். ஓடெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளை.
நாளுக்குக் கொஞ்சமாய் அது நீரை வெளியே விடவேண்டும்,
நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பங்கு.
விட்ட இடத்தில், மழுங்கிய முனையில்,
காற்று வந்து ஓர் அறை கட்டும்.
குஞ்சின் முதல் மூச்சு அங்கேதான்.
நீர் போகாவிட்டால் அறை இல்லை;
கடலைப் பார்த்தே இராத ஒன்று
ஓட்டுக்குள் மூழ்கிச் சாகும்.

என் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தேன்.
குழி விழுந்தது. மெல்ல நிரம்பியது.

ஹீயுமா தீவில் ஏப்ரல்.
பனிக்கட்டி விட்டுப்போன கடலிலிருந்து
மூடுபனி சன்னல்வரை ஏறி வருகிறது.
இன்குபேட்டருக்குள் ஈரப்பதமானியின் முள் ஐம்பது என்கிறது.
விர்வே முள்ளை நம்பமாட்டாள்.
சீசா மூடியில் உப்பைக் குழைத்து
மானியோடு ஊறுகாய்ச் சாடிக்குள் வைத்து இறுக்கினாள்.
ஈர உப்பின்மேல் அடைபட்ட காற்று எழுபத்தைந்தில் நிற்குமாம்.
மறுநாள் முள் காட்டியது அறுபத்து மூன்று.
ஆக, இத்தனை நாள் ஐம்பது என்றது அறுபத்திரண்டு.

மூன்று மாதமாய் என் தட்டில் உப்பு கிடையாது.
இதயம் பம்ப் செய்யும் லட்சணத்துக்கு
மருத்துவர் போட்ட தடை.
உப்பில்லாப் பண்டமாய் நான் கிடக்க,
அலமாரி உச்சியிலிருந்து அது இறங்கி வந்து
சாட்சி சொல்லிவிட்டுப் போயிற்று.
மூடியில் ஒட்டியதை நக்கினேன்.
அதையும் எழுதினாள்:
"எல்மார், ஒரு நக்கு."

அன்றிலிருந்து வீடு காயத் தொடங்கியது.
தண்ணீர்த் தட்டு வெளியே வந்தது.
அடுப்புமேல் தொங்கிய துணிகள் கொட்டகைக்குப் போயின.
சூப் பானைக்கு மூடி.
எனக்கு நாளுக்கு ஒன்றரை லிட்டர், காப்பியும் சேர்த்து,
கூடவே நீர் பிரிக்கும் மாத்திரை.
இரவில் மூன்று தடவை எழுந்து போகையில்
அந்தப் பெட்டியின் பச்சை விளக்கைக் கடப்பேன்.
நீங்களும் விடுங்கள், பிள்ளைகளா, என்பேன்.

பதினான்காம் இரவு டார்ச் வெளிச்சத்தில்
ஓட்டின்மேல் மூன்று பென்சில் கோடுகள்:
ஏரி வற்றிய அடையாளம்போல.
பதினெட்டாம் நாள் அறுநூற்று முப்பத்தாறு.
நான் எண்பத்தொன்பது.

அன்றே சட்டம் மாறியது.
இனி நீர் வேண்டும், நிறைய,
தோல் காய்ந்து குஞ்சோடு ஒட்டாமல் இருக்க.
மூடியைத் திறக்கவே கூடாது.
வெதுவெதுப்பாய், குழாய் வழியே, அவள் ஊற்றினாள்.
எனக்குப் பொறாமையாக இருந்தது.

இருபதாம் நாள் மாலை ஐந்தாம் எண் விரிந்தது,
ஒரு கடுகளவு.
உள்ளிருந்து ஒரு குரல்.
பிறகு பதினான்கு மணி நேரம் ஒன்றுமில்லை.
பக்கத்தில் இரண்டு, ஏழு, ஒன்பது எல்லாம்
உடைத்துக்கொண்டு வந்து நனைந்த பஞ்சாய்ப் புரண்டன.
ஐந்து அப்படியே.
விர்வே நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள்.
என் கை மூடிமேல் இருந்தது.
உதவி என்றுதான் அந்தக் கை சொல்லிக்கொண்டது.

எடுத்தேன். அன்றைய கணக்கில் மிச்சமிருந்த
நூறு மில்லியை
நின்றபடியே, வாய் வாயாய்க் குடித்தேன்.
அதற்குள் விடிந்திருந்தது.

மொத்தம் எட்டு. இரண்டு கூமுட்டை.
இரண்டு உள்ளேயே முழுதாய் வளர்ந்து நின்றுவிட்டன;
முதல் வாரத்தின் ஈரம் என்றாள், தன்னையே கடிந்து.
கடைசியாய் வந்த ஐந்து, காய்ந்து, தராசில்
நிற்கமாட்டேன் என்றது.
முப்பத்தெட்டு கிராம்.
எழுதி முடித்து, பென்சிலைக் காதில் செருகி,
என்னைப் பார்த்தாள்.

"ஏறு."