ஒன்றரை சென்டிமீட்டர்

சாங்கி முனையில் பன்னிரண்டாவது ஆளாக
இரண்டு கார் ஜாக்கிகளோடு ஏறினேன்.
"உபின்ல உனக்குக் கார் இருக்கா?"
கேட்ட படகோட்டி சிரிக்கவில்லை,
ஜாக்கிகளுக்குத் தனிக் காசும் வாங்கவில்லை.

ரொஸ்னாவின் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால்
அறுநூறு வெள்ளிக்கு நான் வாங்கிய படகு.
மரத்தின் பெயர் அவள் சொன்னபோது
செங்கல் என்று காதில் விழுந்தது.
தூக்கிப் பார்த்தேன். சரிதான்.

பதினோரு ஆண்டு இரண்டு முட்டுகளின்மேல்.
பின்முட்டு சேற்றில் இறங்க இறங்க
ஏராவும் கூடவே திருகிக் கொடுத்திருக்கிறது,
வரிசையில் நிற்பவர் கால் மாற்றிக்கொள்வதுபோல.

அணியத்திலிருந்து அமரம்வரை தூண்டில் நரம்பு கட்டினேன்.
தூக்குக்குண்டு என் பையில் எப்போதும் உண்டு,
வீவக புளோக்குகளில் மின்தூக்கி பார்ப்பவள் நான்.
பெட்டி ஐந்து மில்லிமீட்டர் இறங்கி நின்றாலே
பதினான்காம் மாடியிலிருந்து தொலைபேசி வரும்.
இங்கே நரம்புக்கும் ஏராவுக்கும் நடுவே
ஆறரை சென்டிமீட்டர்.
யாரும் கூப்பிடவில்லை.

சனிக்கிழமைக்குக் கால் சுற்று.
அதற்குமேல் இல்லை என்று எனக்கே விதித்துக்கொண்டேன்.
கொதிநீர், ஈரச்சாக்கு, தார்ப்பாய்,
வங்குகளுக்குக் குறுக்கே லாரிப் பட்டை.
மரத்தை விடாமல் தள்ளக் கூடாது.
கொஞ்சம் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும்.
அடுத்த வாரம் வந்தால்
ஒன்றோ இரண்டோ மில்லிமீட்டர்
தானே நடந்து வந்திருக்கும்.

ஏழாம் வாரம் ஒரு காட்டுப்பன்றி
முட்டில் முதுகு சொறிந்துவிட்டுப் போயிருந்தது.
ஆப்பு விழுந்து ஒரு மாத வேலை போச்சு.
ரொஸ்னா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
"கோணலாவே மிதக்குமே, உனக்கென்ன?"
பதில் தேடினேன்.
ஸ்பேனர்தான் கையில் கிடைத்தது.

இரவுப்பணி முடிந்து தூங்காமல் வந்த ஒரு சனிக்கிழமை,
முக்கால் சுற்று கொடுத்தேன்.
கோபம் படகின்மேல் இல்லை.
சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை,
அடுத்த அறையில் யாரோ முறுக்கு கடித்ததுபோல.
மூன்றாம் பலகையில் விரல் நீளத்துக்குக் கீறல்.
ஜாக்கியை இறக்கியபோது
படகு மூச்சு விட்டது என்று எழுதத் தோன்றுகிறது.
இல்லை. இறங்கியது, அவ்வளவுதான்.
மூச்சை அடக்கி நின்றவள் நான்.

கீறலுக்குப் பஞ்சும் குங்கிலியமும்.
அப்புறம் பழையபடி கால் சுற்று, கால் சுற்று,
மழைக்காலம் ஒன்று போய் இன்னொன்று வந்தது.
நரம்பு ஒன்றரையில் வந்து நின்றது.
எட்டு வாரம் பார்த்தேன்.
ஒன்றரைதான்.
பட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன்.

நீரில் இறக்கிய காலை
எல்லாப் பொருத்தும் ஒழுகியது.
ரொஸ்னா மைலோ டப்பாவால், நான் வாளியால்
மதியம்வரை இறைத்தோம்.
பிறகு பலகைகள் குடித்தது போதும் என்று ஊதி
ஒன்றையொன்று நெருக்கி அடைத்துக்கொண்டன.

துடுப்பு போட்டால் இப்போதும்
மெல்ல ஜொகூர்ப் பக்கமே திரும்புகிறது.
ஒரு கை கூடுதலாக இழுக்க வேண்டும்.

திங்கட்கிழமை, புளோக் கீழ்த்தளம்.
பெட்டி தளத்தோடு அச்சாக நின்றது,
மயிரிழை வித்தியாசமில்லை.
வெளியே கால் வைத்தபோது
தடுக்கியது.