தொட்டி மட்டும்

மழை விட்ட ஞாயிறு. கொளத்தூர்.
கடை சாத்தும் நேரம்.
ஆக்சிஜன் பை கட்டிய கை இன்னும் ஈரம்.
தெர்மாகோல் பெட்டி மூடியைத் திருப்பிப் போட்டு
அதன்மேல் மார்க்கரால் எழுதுகிறாள் ரெஜினா,
எங்கள் இணையதளம் என்ன விலை என்று.

போன மாதம் படப்பையிலிருந்து வந்த ஒருவர்
"உங்களுக்கு சைட் இருக்கா?" என்றார்.
"எந்த ஏரியாவில சார்?" என்று கேட்டுவிட்டேன்.
அன்றைக்குத்தான் முடிவு செய்தோம்.

வடிவமைப்பு பதினெட்டாயிரம்.
பெயருக்கு எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது.
குடியிருக்க இடம், ஹோஸ்டிங், மூவாயிரத்து அறுநூறு.
படம் எடுக்கிறவர் வந்தால் நாலாயிரத்து ஐந்நூறு.
கூட்டினால்
இருபத்தாறாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.
"என்னம்மா, செருப்புக்கடை விலை மாதிரி!"
நான்தான் சிரித்தேன். கோமளா சிரிக்கவில்லை.
இருபது வருஷமாய்க் கல்லாவில் இருந்து
ஒற்றை ரூபாய்க்கும் கணக்குக் கேட்கிற அக்கா.
"பெயருக்குக்கூடவா வாடகை?" என்றாள்.

கேட்ட பெயர் கிடைக்கவுமில்லை.
நீலக்குமிழ் என்பதை எவரோ முன்பே வாங்கி
சும்மா போட்டிருக்கிறார்,
செங்குன்றம் போகிற வழியில்
முள்வேலி கட்டின காலிமனை போல.
வேண்டுமானால் எண்பதாயிரமாம்.
பின்னால் 'கொளத்தூர்' சேர்த்துக்கொண்டோம்.
ஊர்ப்பெயருக்கு யாரும் தனியாகக் காசு கேட்கவில்லை.

அப்புறம்தான் ரெஜினா
மூலையில் இருந்த சின்னத் தொட்டியைப் பார்த்தாள்.
தம்பிக்குப் பிறந்தநாளாம்.
"இது எவ்வளவுண்ணா?"
"தொட்டி மட்டும் எழுநூறு."

நாக்குக்குப் பழகின வாக்கியம்.
"மட்டும்னா?"

ஃபில்டர், அதன் பஞ்சு,
மெட்ரோ தண்ணியில் குளோரின் முறிக்கச் சொட்டு மருந்து,
தீனி,
வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்ற
வீட்டில் யாராவது ஒருத்தர்,
கரண்ட் போனால் பேட்டரி பம்பு.
தொட்டிச் செலவு ஒரு தடவைதான்மா,
தண்ணிக்குத்தான் தினமும்...

சொல்லிக்கொண்டே வந்தவன்
நிறுத்திவிட்டேன்.

மார்க்கர் மூடியைக் கடித்தபடி
அவளும் என்னையே பார்த்தாள்.
பிறகு ஒரு கோடு கிழித்து
கோட்டுக்குக் கீழே எழுதினாள்:
இரண்டாம் வருஷம்.

பெயர் ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது.
முன்னது தள்ளுபடி விலையாம்.
இடம் ஆறாயிரத்து இருநூறு.
விலை மாற்ற, செத்த மீனை எடுத்துப்போட
அவளுக்கு மாதம் ஐந்நூறு.
"செத்த மீனா?"
"வித்துப்போனதைச் சொல்றேண்ணா.
எடுக்கலைன்னா அதுவும் மிதந்துட்டேதான் இருக்கும்."

பதின்மூன்றாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்றொன்பது.
கால்குலேட்டர் கையெட்டும் தூரத்தில் இருக்க
கோமளா மனசிலேயே பன்னிரண்டால் வகுத்தாள்.
மாதம் ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு.
காலித் தீனி டப்பா ஒன்றைத் துடைத்து
கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.
அவள் சம்மதம் அவ்வளவுதான்.

பிறகு வெட்ட ஆரம்பித்தோம்.
முதல் பக்கத்தில் நெளியும் அலை, வேண்டாம்.
பணம் கட்டும் பொத்தான், வேண்டாம்:
பஸ் பார்சலில் போன மோலி
மதுரை வெயிலில் செத்தால்
திருப்பிக் கொடுக்க எந்தப் பொத்தான்?
ஒரே பக்கம். விலாசம். வாட்ஸ்அப் எண்.
ஞாயிறு காலை ஆறுக்கே திறப்போம் என்று ஒரு வரி.
பதினெட்டு ஒன்பதானது.
படத்தை நானே எடுக்கிறேன் என்றேன்.

அதுதான் இன்னும் நடக்கவில்லை.
ஃபைட்டருக்கு முன்னால் போனை நீட்டினால்
போனின் பளபள முதுகில் தன்னையே கண்டு
செவுளை விரித்துக்கொண்டு பாய்கிறது.
அழகாகத்தான் இருக்கிறது.
எடுத்த முப்பத்தேழும் கலங்கல்.

அந்த நாலாயிரத்து ஐந்நூறை
மறுபடி எழுதச் சொல்லலாமா என்றிருக்கிறது.
அக்கா டப்பாவை ஆட்டிப் பார்க்கிறாள்.
ரெஜினா தன் தம்பிக்கு
சைக்கிள் விளக்கு வாங்கிக் கொடுத்துவிட்டாளாம்.