ஏழாம் கேள்வி

இரவு பதினொன்றே கால்.
பன்னிரண்டுக்கு விண்ணப்பம் மூடிவிடும்.
வெளியே காரைக்குடி. மழை வரும் என்பதுபோல் ஒரு காற்று.
எங்கள் பக்கத்து மேகங்கள் கடன் வாங்கியவன் மாதிரி,
முகத்தைக் காட்டிவிட்டு
அடுத்த தெருவழியாகப் போய்விடும்.

பெயர், துறை, நிறுவனம் எளிது.
சி. வள்ளிக்கண்ணு, இயற்பியல், கலைக்கல்லூரி.
உங்களிடம் உள்ள வசதிகள் என்ற கட்டத்தில்
இரண்டு தராசும் ஒரு ஏசியும் எழுதினேன்.
ஏசி ஓடுவதில்லை என்று எழுதவில்லை.

நான் கேட்கும் கருவி
ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தள்ளி
ஒரு மலையடிவாரத்தில் இருக்கிறது,
எல்லாருக்கும் பொதுவாக.
எல்லாரும் என்றால் விண்ணப்பித்து, நடுவர் சரி என்ற எல்லாரும்.
ஊருணி மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.
அங்கேயும் குடத்துக்கு முறை உண்டுதானே.

மாதிரிகளை விவரிக்கவும்.
புதுவயல். மார்கழியிலிருந்து பங்குனி வரை
அரிசி ஆலைக் கொதிகலன்கள் உமியைத் தின்று விட்ட புகை.
நூற்றுப் பன்னிரண்டு வடிதாள்கள்,
வெள்ளையாகப் போய்
கறுப்பின் நூற்றுப் பன்னிரண்டு நிறங்களில் திரும்பியவை.
ஒவ்வொன்றிலும் ஓர் ஊர் ஒருநாள் மூச்சுவிட்டிருக்கிறது.
கடைசி வரியை அழித்தேன். நடுவர்களுக்கு ஆகாது.
கரிமத் துகள்களின் மூலப் பங்கீடு என்று போட்டேன்.

ஏழாம் கேள்வி.
முரண்படும் நலன் ஏதும் உண்டா? ஆம். இல்லை.

பம்ப் ஓடியது வயிரவன் மில் மொட்டைமாடியில்.
எங்க புகைய அளக்க எங்க கரண்டா என்று சிரித்தார்,
சிரித்துக்கொண்டே ஒயர் இழுத்தும் கொடுத்தார்.
மில் பேரு மட்டும் வேணாம் மேடம்.
தாளை மாற்றியவன் என் தம்பி அடைக்கலம்.
அதே கொதிகலனுக்கு உமி தள்ளுகிறவன்.
நைட் ஷிப்ட் முடிந்து காலை ஆறு மணிக்கு
கையை மூன்று முறை கழுவி
இடுக்கியால் விளிம்பை மட்டும் தொட்டு.
இருமல் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்,
தாளில் பட்டுவிடக் கூடாதென்று.

ஆம் எனில் நூறு சொற்களுக்குள் விளக்கவும்.

முடிவு வந்தால் மில்லுக்கு நோட்டீஸ் வரலாம்.
நோட்டீஸ் வந்தால் அவனுக்கு வேலை போகலாம்.
வராவிட்டால்,
அந்த இருமல் இருக்கிறதே.
நூறு சொற்களில் பதினேழைத்தான் செலவழித்தேன்.
பதினொன்று ஐம்பத்தாறுக்கு ஆம்.
ஐம்பத்தெட்டுக்குக் கரண்ட் போய்விட்டது.
மிச்சத்தை போன் வெளிச்சத்தில், போன் இணையத்தில்,
கொசு கடித்த காலைச் சொறிந்தபடி அனுப்பினேன்.

ஏழு வாரம் கழித்து மடல்.
ஒன்பது மணி நேரம் தந்திருக்கிறார்கள், ஒரு ஞாயிறு இரவு.
மாதிரி சேகரித்தவரின் பெயரும் கட்டுரையில் வரவேண்டும்
என்று ஒரு நடுவர் குறிப்பு, நல்ல மனசோடுதான்.
படித்துக் காட்டினேன்.
எம்பேரு வந்தா மில் பேரு வந்த மாதிரிதானக்கா என்றான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்பது மணி நேரத்தில் முப்பது தாள்தான் ஓடும்.
எந்த முப்பது?
சுகாதார நிலையத்து ஸ்டெல்லா சிஸ்டர் கொடுத்த
தடுப்பூசிப் பெட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்தோம்.
தேதியைப் பார்த்தே சொன்னான்.
இத எடு, அன்னைக்கு ஈர உமி, புகை தரையிலயே கெடந்துச்சு.
இதையும் எடு, விசிறி பெல்ட் அறுந்த ராத்திரி.
போகி வேணாம், ஊரே கொளுத்தியிருக்கும்.
என் முனைவர் பட்டம் பக்கத்தில் பேசாமல் இருந்தது.

பொங்கல் மூணு நாளும் எடுத்துக்க என்றான் கடைசியில்.
மில்லு ஓடாத தாளும் வேணும்ல, ஒத்துப் பாக்க.
விடுமுறையிலும் சைக்கிள் மிதித்து வந்து
மாற்றியிருக்கிறான், சொல்லவே இல்லை.

அந்த மூன்றையும் ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தோம்.
வெள்ளைதான்,
ஏறக்குறைய.