கேட்பாரற்ற வாகனம்

கண்ணாடியில் பசை இன்னும் காயவில்லை.
"கேட்பாரற்ற வாகனம். ஏழு நாளில் அகற்றவும்.
தவறினால் மாநகராட்சி அகற்றும்."

கோமதிபுரம் ஏழாவது தெருவில்
இதைக் கேட்காத ஆள் யார்?
நெல்பேட்டை இரும்புக்காரர் மாதம் ஒருதரம் கேட்கிறார்,
விலையையும் அவரே சொல்லிவிட்டு.
கார் நிறுத்த இடமில்லாத எதிர்வீட்டு வக்கீல் கேட்கிறார்.
தவமணி மட்டும் கேட்பதில்லை. பார்ப்பார்.
இருபது வருடத்தில்
அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லப் பழகிவிட்டேன்.

வாங்கியது நான்தான்.
தேனியில் வனத்துறை ஏலம்,
என் ஜெராக்ஸ் கடைச் சீட்டுப் பணம்,
அறுபத்திரண்டாம் வருடத்து வில்லிஸ்.
பிரித்தவன் காதர் மீரான்.
"நாப்பதே நாள், பூட்டித் தந்துர்றேங்கா" என்றவனுக்கு
முப்பத்தோராம் நாள் விசா வந்தது.
தம்மாம்.
ஒன்பது வருடம்.

ஞாயிறு காலை தார்ப்பாயை உருவினேன்.
ஏர் கிளீனருக்குள் அணில் மெத்தை போட்டிருந்தது:
தேங்காய் நார், கொசுவலை, என் கடை ரசீதின் கிழிசல்.
கார்புரேட்டர் வாயில் குளவி
கடன் வாங்காமல் வீடு கட்டியிருந்தது.
தளத் தகரத்தின் ஓட்டை வழியே ஒரு குப்பைமேனி
ஸ்டியரிங் பிடிக்க எழுந்து நின்றது.
பிடுங்கினேன்,
கொஞ்சம் யோசித்துத்தான்.

எஞ்சின் கல்லாக இறுகிக் கிடந்தது.
பிளக்குகளைக் கழற்றி நாலு ஓட்டையிலும்
டீசலும் பிரேக் ஆயிலும் ஊற்றினேன்.
தினமும் கடை ஷட்டரை இறக்கிவிட்டு வந்து
கம்பியைப் போட்டுத் தொங்கிப் பார்த்தேன்.
திங்கள், இல்லை.
செவ்வாய், இல்லை.
புதன் மழை.

மாடிப்படிக்கு அடியில் பதினேழு ஹார்லிக்ஸ் பாட்டில்.
போல்ட்டும் வாஷரும் மண்ணெண்ணெயில்.
ஒவ்வொன்றிலும் காதர் கையெழுத்தில் ஒரு சீட்டு.
"இடது முழங்கால்."
"சண்டைக்காரன், இறுக்காதே."
"இரட்டையரில் மூத்தவன்."
"மதியம் பூட்டணும்."

வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. வீடியோவில் கூப்பிட்டேன்.
தாடி நரைத்துவிட்டது. பின்னால் கட்டில் மேல் கட்டில்.
பாட்டிலைத் திரைக்கு நேரே பிடித்தேன்.
கண்ணைச் சுருக்கினான்.
"மதியம்னா எதுக்கா? நானா எழுதுனேன்?"
சிரித்தோம்.
பிறகு சிரிக்காமல் கொஞ்ச நேரம்.
"இங்க ஏசி மட்டுந்தாங்கா. வேற எதையும் தொடுறதில்ல."
வைக்கப் போனவன் விரலை மடக்கினான்:
"ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு. பொறி விழுற வரிசை.
அது போகல பாருங்க."

சனிக்கிழமை பத்து மணிக்கு லாரி வந்துவிட்டது.
சங்கிலியோடு இறங்கியவர் கையில் ரிஜிஸ்டர்.
"யாரும்மா வண்டிக்கு?"
"நான்."
"ஓடுமா?"
"ஓடாது."
"ஓடாத வண்டிக்கு எதுக்கு முன்னால கம்பி தொங்குது?"
சொன்னேன். ஒன்பது வருடத்தையும் அல்ல,
டீசல் ஊற்றியதிலிருந்து.

ரிஜிஸ்டரை பானெட் மேல் வைத்தார்.
சட்டைக் கையை ஏற்றினார். பொன்னையா என்று பேர்,
முன்பு உசிலம்பட்டியில் கிரஷரில் இருந்தாராம்.
கம்பியைப் பிடித்து, எச்சில் விழுங்கி,
ஒரே அழுத்து.
உள்ளே ஏதோ முனகிற்று. இன்னொன்று.
தகரம் அதிர்ந்து, பிறகு, கடவுளே,
சுற்றியது.

"நிறுத்தாதீங்க!"
முதல் ஓட்டையில் பெருவிரலை வைத்தேன்.
தள்ளியது, எண்ணெய்த் துளியோடு, காற்று.
அடுத்தது மூன்றாவதில்.
நாலில் கொஞ்சம் இளைப்பு.
இரண்டில் விரலே எகிறியது.
முகமெல்லாம் டீசல்.
வாசலில் தவமணி துண்டோடு நின்றார்,
எனக்கா அவருக்கா என்று தெரியாமல்.

பொன்னையா ரிஜிஸ்டரில் எழுதினார்:
"உரிமையாளர் வேலை செய்கிறார். முப்பது நாள்."
போகும்போது கேட்டார்,
ஓடினால் கிலோமீட்டர் எவ்வளவு கொடுக்கும் என்று.

இனி கியர் பெட்டி, பிரேக், வயரிங்,
தளத்துக்கு முழுசாகத் தகரம்.
முப்பது நாளில் முடியாது. எனக்கும் தெரியும்.
அந்த மதிய போல்ட் இரண்டும்
கல்லாப் பெட்டியில் கிடக்கின்றன.
மின்சாரம் போய் ஜெராக்ஸ் நின்றுவிடும் பகல்களில்
எடுத்து உருட்டிப் பார்க்கிறேன்.
அரை இஞ்ச், நுணுக்க மரை.
எங்கேயோ ஒரு இடம் இதற்குக் காலியாக இருக்கிறது.