வரட்டுமா

சிலாவோஸுக்கு நானூறு வளைவுகள்.
இருநூற்றுப் பத்தோடு எண்ணுவதை விட்டான் இவோன்,
வாந்தி வந்ததால்.
நாங்கள் நாலு பேர், ஒரு பழைய பெஜோ,
மார்தாய் வீட்டு ஊறல் ரம் மூன்று சீசா.
ஏழாம் எண் அறை என்றதும்
தானாகவே விலையைப் பாதியாக்கினாள்
வரவேற்பு மேசைக்காரி.
அப்போதே யோசித்திருக்கலாம்.

இரவு இரண்டு மணிக்குக் கூடத்தில்
தொம்.
பாரமான எதையோ யாரோ இறக்கிவைத்த மாதிரி.
இறக்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்ட மாதிரி ஒரு
"அப்பாடா."

பேய் என்று ஒன்று கிடையவே கிடையாது எனப்
பகலெல்லாம் வக்கீல் குரலில் வாதாடிய ஜில்பேர்
கட்டிலுக்கு அடியில் பாய்ந்தான்.
இடமில்லை. இவோன் முன்பே அங்கே இருந்தான்.
முகத்தில் பச்சைக் களிம்போடு
ஸொலாஞ் எழுந்து உட்கார,
உள்ளே வந்த பேய் ஓரடி பின்வாங்கியது.

முழங்கால்வரை வேட்டி.
இடது தோள் வலதைவிட நாலு விரல் தாழ்வு.
வாயைத் திறந்தது. தமிழ்!

தீ மிதிக்கும் நாளில் பூசாரி சொல்வார்,
நாங்கள் திருப்பிச் சொல்வோம்.
அர்த்தம் கேட்கிற வழக்கமில்லை.

மூவரும் என்னைப் பார்த்தார்கள்.
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சேர்ந்து
நாலே வாரம் ஆன பாவி நான்.
"வணக்கம். என் பெயர் ஃபிரெதெரிக்.
இது பேனா. அது மாடு."
பேய் திரும்பிப் பார்த்தது.
மாடு இல்லை.

இரண்டாம் பாடத்துக்குத் தாவினேன்: "நலமா?"

அவ்வளவுதான்,
கட்டில் முனையில் உட்கார்ந்துவிட்டது.
விடிய விடியச் சொன்னது.
தோளைக் காட்டியது, மலையைக் காட்டியது,
இரண்டு கைகளையும் அகல விரித்து
யாரோ ஒரு சீமாட்டியின் அகலத்தைக் காட்டியது.
மூன்றாம் பாடத்தால் சமாளித்தேன்:
"ஆமாம். ஆமாம். மிக நன்று."
ஓரிடத்தில் அழுதது.
அங்கும் "மிக நன்று" என்றுவிட்டேன்.

இப்போது முப்பத்தொன்றாம் பாடம்.
பல் துலக்கும்போது, சிவப்பு விளக்கில் நிற்கும்போது
ஒவ்வொரு வாக்கியமாக வந்து புரிகிறது.
தார்ச்சாலை வருமுன்
வெந்நீர் ஊற்றுக்கு வந்த நோயாளிகளை
நாற்காலியோடு தோளில் சுமந்து ஏற்றியவர் அவர்.
ஏழு நடைக்குக் கூலி பாக்கி.
அந்தச் சீமாட்டியை
இரண்டு ஆளாகக் கணக்கெழுதியிருக்க வேண்டும்
என்பது தனி வழக்கு.

சேவல் கூவியது.
அவர் எழுந்தார்.
தோள்கள் ஏறக்குறைய ஒரே மட்டம்.
வாசலில் நின்று, யாரிடமும் கடன் இல்லாத முகத்தோடு,
"அப்போ, வரட்டுமா?" என்றார்.

வா! தெரிந்த சொல்!
நாலாம் பாடம், முதல் வினைச்சொல்!
பரீட்சையில் தேறிய பிள்ளையாய்த் துள்ளினேன்:
"வா! வா! வா!"

போகிறவர்கள்தான் அப்படிக் கேட்பார்களாம்.
பதினெட்டாம் பாடத்தில்தான் வருகிறது அது.

இறக்கத்திலும் அதே நானூறு வளைவு.
பின்னிருக்கையில், ஸொலாஞ்சுக்கும் இவோனுக்கும் நடுவே,
பிறந்ததிலிருந்தும் செத்ததிலிருந்தும் முதல் தடவையாக
இன்னொன்று தன்னைச் சுமக்க
மலை இறங்கினார்.
இருநூற்றுப் பத்தாவது வளைவில்
வாயைப் பொத்திக்கொண்டார்.

பேய் அண்டாதிருக்க அம்மா கொடுத்தனுப்பிய
எலுமிச்சம்பழத்தைப் பையிலிருந்து எடுத்து
ஒன்றும் பேசாமல் நீட்டினான் இவோன்.

வாங்கி, நகத்தால் கீறி, ஆழ முகர்ந்துவிட்டு
அவர் சொன்னார்:
"மிக நன்று."