கடைசியில் வரும் 'ஆனால்'

அந்த மொழியில் 'ஆனால்'
வாக்கியத்தின் வாலில் உட்கார்ந்திருக்கும்.
ஒற்றை எழுத்து.
அதற்குப் பிறகு யாரும் எதுவும் சொல்வதில்லை.
மிச்சத்தைக் கேட்பவர் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

தகாசாகி ரயிலடியில்
வாடகை வீட்டு முகவர் ஷியோசாகி
எனக்கு பார்லித் தேநீர் வைத்துவிட்டு
என் எதிரிலேயே தொலைபேசியை எடுத்தார்.
"வெளிநாட்டிலிருந்து வந்தவர், ஆனால்…"
தலை தாழ்த்தினார், மறுமுனைக்குத் தெரியும் என்பதுபோல.
"ஆமாம். ஆமாம். புரிகிறது."
வைத்தார். அடுத்த தாளைப் புரட்டினார்.

பதினொரு வீடுகள்.
நான்காவதில் 'நம் மொழி பேசுவார்' சேர்ந்தது.
ஆறாவதில் 'ஆறு வருடமாக ஒரே தொழிற்சாலை'.
எட்டாவதில் 'மிகவும் அமைதியானவர்';
எங்களுக்குள் பழக்கமே அரைமணி நேரம்தான்.
பத்தாவதில் நான்
புகைக்காதவன், சமைக்காதவன், விருந்தாளிகளே வராதவன்.
பெர்கானாவிலிருந்து அம்மா அனுப்பிய சீரகம்
பைக்குள் மணத்துக்கொண்டிருந்தது.
பையின் வாயைக் காலால் அழுத்திக்கொண்டேன்.

எனக்கு எல்லாம் புரிகிறதென்று அவருக்குத் தெரியும்.
புரியாததுபோல இருந்தது
நான் அவருக்குச் செய்த மரியாதை.
வியர்த்திருந்தார். மோசமான மனிதர் அல்ல.
ஒவ்வொரு முறையும் 'மன்னிக்கவும்' என்றார்,
தன் சொந்த வீட்டைத் தர மறுத்தவர்போல.

பதினொன்றாவது, மினெகிஷி அம்மாள்.
ஒரே கேள்விதான் கேட்டாராம்:
"குப்பையைப் பிரிப்பாரா?"

பிரித்தேன்.
பாட்டில் தனி, மூடி தனி, மேலே சுற்றிய தாள் தனி.
ஒரு வியாழக்கிழமை
சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய பையொன்று
என் கதவடியில் கிடந்தது.
என்னுடையது அல்ல.
உள்ளே நூடுல்ஸ் டப்பாக்கள் ஒன்பது,
தூக்க மாத்திரை அட்டை,
ஒற்றை ஆளுக்கான கேக்கின் பெட்டி,
பாதி எரிந்த ஒரு மெழுகுவர்த்தி.
அந்தக் கட்டடத்தில்
விருந்தாளிகளே வராத இன்னொருவர்.
பிரித்து முடிக்க ஒரு மணி நேரமானது.
யாரிடமும் சொல்லவில்லை.
நல்லவன் என்பதால் அல்ல.
'என்னுடையது அல்ல' என்ற வாக்கியமும்
அந்த எழுத்தில்தான் முடியும்.

மூன்றாம் குளிர்காலம்.
மாடிப்படியில் என்னை நிறுத்தி
நான்கு பெர்சிமன் பழங்களைக் கையில் திணித்தார்
மினெகிஷி அம்மாள்.
"மேல்வீட்டை ஒரு பையன் கேட்கிறான்.
மியன்மார்க்காரன். உங்கள் தொழிற்சாலையாம்.
ஆள் எப்படி?"

தெட் நைங்.
சாப்பாட்டுப் பெட்டிகள் நகரும் வரிசையில்
எனக்கு அடுத்து நிற்பவன்.
ஒவ்வொரு பெட்டியிலும் இஞ்சி ஊறுகாய் வைப்பவன்.
முகமூடிக்குள் பாடுகிறவன்.
அவன் சிரித்தால்
மேற்பார்வையாளர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்.
அவன் செய்யும் மீன் குழம்பின் வாசனை
இரண்டு தெருவுக்கு வரும்.
இதில் எதையும் நான் சொல்லவில்லை.

"வெளிநாட்டவர்தான்" என்று தொடங்கினேன்.
என் வாய் தானாகவே அந்த எழுத்தைப் போட்டது.
அவ்வளவு சுத்தமான உச்சரிப்பு
இந்த ஒன்பது வருடத்தில்
எனக்கு வாய்த்ததே இல்லை.

அம்மாள் நகரவில்லை.
மிச்சத்தை நானே நிரப்புவேனென்று
என் முகத்தையே பார்த்தபடி நின்றார்.
பழங்கள் கையில் சில்லிட்டன.